வலி குறையுமா, முன்கூட்டியே சொல்ல முடியுமா?

எலும்புக்குப் பரவிய புற்றுநோயின் வலியைக் குறைக்கக் கதிர்வீச்சு கொடுப்பது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்குக் கதிரியக்கப் புற்றுநோய் மருத்துவர் ஒருவர் இங்கே பதிலளிக்கிறார். கேட்டவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: என் தாயாருக்கு 58 வயது. மார்பகப் புற்றுநோய் இப்போது இடுப்பெலும்புக்குப் பரவிவிட்டது. வலிக்காகக் கரண்ட் வைக்கலாம் என்று மருத்துவர் சொல்கிறார். “நிச்சயம் குறையுமா?” என்று கேட்டால், “வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது” என்பதற்கு மேல் எதுவும் சொல்ல மறுக்கிறார். இத்தனை ஸ்கேன், இத்தனை பரிசோதனை எடுத்த பிறகும் இதைக்கூட முன்கூட்டியே சொல்ல முடியாதா? (வாசகி, திருச்சி)

உங்கள் மருத்துவர் மழுப்பவில்லை, உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறார். எலும்புக்குப் பரவிய புற்றுநோயால் வலிப்பவர்கள் நூறு பேருக்குக் கதிர்வீச்சு கொடுத்தால், ஏறத்தாழ அறுபது பேருக்கு வலி குறிப்பிடத்தக்க அளவு குறைகிறது என்பதும், அவர்களுள் இருபத்து நான்கு பேர் வரை அந்த இடத்தில் வலியே இல்லாத நிலையை அடைகிறார்கள் என்பதும் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரியவந்துள்ள கணக்கு. 25 ஆய்வுகளைச் சேர்த்து 2012-இல் வெளியான தொகுப்பாய்வும் இதையே சொல்கிறது. நெதர்லாந்தில் 1990-களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்து நடத்திய பெரிய ஆய்வில் 71 விழுக்காட்டினருக்குப் பலன் கிடைத்தது. “பலன்” என்பதை ஒவ்வோர் ஆய்வும் எப்படி வரையறுத்தது என்பதைப் பொறுத்து இந்த எண் சற்று ஏறும், இறங்கும்.

ஆனால் இவை எல்லாம் கூட்டத்துக்கான கணக்கு. உங்கள் தாயார் அந்த அறுபது பேரில் ஒருவரா, மீதி நாற்பது பேரில் ஒருவரா என்று சிகிச்சைக்கு முன்பே பிரித்துக் காட்டும் கருவி இன்று எந்த மருத்துவரிடமும் இல்லை. சில சாய்வுகள் மட்டும் தெரியும். மார்பகம், புராஸ்டேட் ஆகியவற்றிலிருந்து எலும்புக்குப் பரவிய நோய்க்கு, நுரையீரலிலிருந்து பரவியதைக் காட்டிலும், வலி குறையும் வாய்ப்பு அதிகம். எழுந்து நடமாடித் தம் வேலைகளைத் தாமே பார்த்துக்கொள்பவர்களுக்கு, நாளின் பெரும்பகுதியைப் படுக்கையில் கழிப்பவர்களைவிட வாய்ப்பு கூடுதல். நோய் மார்பகத்திலிருந்து பரவியது என்பதை வைத்துப் பார்த்தால் உங்கள் தாயாரின் பக்கம் காற்று சற்று சாதகமாகவே வீசுகிறது.

இந்தச் சாய்வுகளைக் கணக்கில் பொருத்தி ஒரு முன்கணிப்பு அட்டவணை உருவாக்கும் முயற்சிகளும் நடந்திருக்கின்றன. நெதர்லாந்து ஆய்வின் தரவுகளை வைத்துச் செய்த ஒன்றில் வியப்பான ஒரு செய்தி கிடைத்தது. நோய் தொடங்கிய உறுப்பு எது, நோயாளி எந்த அளவுக்கு நடமாடுகிறார் என்ற இரண்டே விவரங்களைக் கொண்டு, அவர் எவ்வளவு காலம் வாழ்வார் என்பதை ஓரளவு நன்றாகவே கணிக்க முடிந்தது. அவருக்கு வலி குறையுமா என்பதையோ இத்தகைய விவரங்களைக் கொண்டு அதே அளவுக்குக் கணிக்க முடிவதில்லை. ஆயுளைவிட வலி கணிக்கக் கடினமானதாக இருப்பதற்குக் காரணம் உண்டு. எலும்பில் பரவிய கட்டி பல வழிகளில் வலியை உண்டாக்குகிறது. கட்டியும் அதைச் சுற்றிக் கூடும் அழற்சி அணுக்களும் நரம்பு முனைகளைத் தூண்டும் இரசாயனங்களைச் சுரக்கின்றன. எலும்பைக் கரைக்கும் அணுக்கள் அமிலத்தை வெளிவிடுகின்றன. எலும்பின் மேலுறை இழுபடுகிறது. மெலிந்த எலும்பில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் விழுகின்றன. சில இடங்களில் நரம்பே நசுங்குகிறது. ஸ்கேனில் ஒரே மாதிரித் தெரியும் இரண்டு புள்ளிகளில் ஒன்று அமிலத்தால் வலிக்கலாம், மற்றொன்று விரிசலால் வலிக்கலாம். முதலாவதைக் கதிர்வீச்சு விரைவில் தணிக்கும். இரண்டாவதைத் தணிப்பது கடினம். சிலருக்குக் கட்டி சுருங்குவதற்கு நேரமே இல்லாத சில நாட்களுக்குள் வலி விடுகிறது. கதிர்வீச்சு கட்டியை மட்டுமல்லாமல் அந்த இரசாயனச் சூழலையும் மாற்றுகிறது என்று நாங்கள் கருதுவதற்கு இதுவே ஆதாரம்.

ஆகவே என் கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். இவ்வளவு பலவீனமான முன்கணிப்பை வைத்துக்கொண்டு “உங்களுக்குப் பயன்படாது” என்று ஒருவரைத் திருப்பி அனுப்ப எவருக்கும் உரிமை இல்லை. வாய்ப்பு குறைவு என்று நாங்கள் நினைக்கும் பிரிவினரிலும் கணிசமானவர்களுக்கு வலி குறையத்தான் செய்கிறது.

கேள்வி: அரசு மருத்துவமனையில் ஒரே சிட்டிங்கில் முடித்து அனுப்பிவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்குத் தனியார் மருத்துவமனையில் பத்து சிட்டிங் கொடுத்தார்கள். என் கணவருக்குக் குறைவாகக் கொடுத்து ஏமாற்றிவிட்டார்களோ? (வாசகி, விருதுநகர்)

ஏமாற்றவில்லை. ஒரே முறையில் 8 கிரே (கிரே என்பது கதிர்வீச்சின் அளவைச் சொல்லும் அலகு) கொடுப்பதும், பத்து முறையாக 30 கிரே கொடுப்பதும், வலி குறைவதைப் பொறுத்த மட்டில் சமமே. மேலே சொன்ன 2012 தொகுப்பாய்வில் ஒரு சிட்டிங் பெற்றவர்களில் 60 விழுக்காட்டினருக்கும், பல சிட்டிங் பெற்றவர்களில் 61 விழுக்காட்டினருக்கும் பலன் கிடைத்தது. முழுமையாக வலி நீங்கியவர்களின் பங்கு 23, 24 விழுக்காடு. அமெரிக்காவில் மார்பக, புராஸ்டேட் புற்றுநோயாளிகளிடம் நடத்தி 2005-இல் வெளியிட்ட ஆய்விலும் இரு பிரிவினரிலும் மூன்றில் இரண்டு பங்கினருக்குப் பலன் கிடைத்தது.

வேறுபாடு ஓரிடத்தில் உண்டு. ஒரே சிட்டிங் பெற்றவர்களில் 20 விழுக்காட்டினருக்குப் பிற்பாடு அதே இடத்தில் மறுபடியும் கதிர்வீச்சு தேவைப்பட்டது. பல சிட்டிங் பெற்றவர்களில் அது 8 விழுக்காடு. இதற்கு வலி திரும்புவது மட்டும் காரணம் என்று சொல்ல முடியாது. முன்பு குறைவாகக் கொடுத்திருப்பதால் மறுபடி கொடுக்க மருத்துவர்கள் தயங்குவதில்லை என்பதும் ஒரு காரணம். வலியோடு பேருந்தில் பத்து நாள் போய்வருவதையும், ஒரு நாள் போய்வருவதையும் எடைபோட்டால் பெரும்பாலானவர்களுக்கு நான் ஒரு சிட்டிங்கைத்தான் பரிந்துரைப்பேன். அறுவை சிகிச்சை செய்த எலும்புக்கும், தண்டுவடத்தை நெருக்கும் கட்டிக்கும், வலியுடன் பெரிய கட்டியும் சேர்ந்திருக்கும் இடத்துக்கும் கணக்கு வேறு.

சிட்டிங்குக்குப் போகும்போது ஒன்றைக் கவனியுங்கள். கதிர்வீச்சுக் கருவியின் மேசை மெத்தை இல்லாதது, கெட்டியானது. இடத்தைக் குறித்து, படம் எடுத்துச் சரிபார்த்து முடிக்கும் வரை அசையாமல் மல்லாந்து கிடக்க வேண்டும். உண்மையில் கதிர் பாய்வது சில நிமிடங்கள்தான். நோயாளிகளை வாட்டுவது அந்தக் கிடைதான். மருத்துவர் எழுதிக்கொடுத்த, உடனே வேலை செய்யும் மார்ஃபின் மாத்திரை கையில் இருந்தால், அதை அழைப்புக்கு முக்கால் மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டுவையுங்கள்.

கேள்வி: கட்டியைத் துல்லியமாகக் குறிவைத்து இரண்டே சிட்டிங்கில் அதிக டோஸ் தரும் எஸ்.பி.ஆர்.டி. என்னும் புதிய முறையில் வலி நிச்சயம் போய்விடும் என்கிறார்கள். செலவு பல மடங்கு. கடன் வாங்கலாமா? (வாசகர், ஈரோடு)

முதுகெலும்பில் பரவிய நோய்க்கு, கனடா, ஆஸ்திரேலிய மருத்துவர்கள் நடத்தி 2021-இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு சிட்டிங்கில் 24 கிரே துல்லியமாகப் பெற்றவர்களில் 35 விழுக்காட்டினர் மூன்று மாத முடிவில் வலியே இல்லாமல் இருந்தார்கள். வழக்கமான முறையில் ஐந்து சிட்டிங்கில் 20 கிரே பெற்றவர்களில் 14 விழுக்காட்டினர்தான் அப்படி இருந்தார்கள். ஆனால் துல்லியமான ஒற்றை உயர் டோஸை வழக்கமான 8 கிரேயோடு ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வு அதில் மேன்மை எதையும் காணவில்லை. ஓரிரு முதுகெலும்புகளில் மட்டும் நோய் இருந்து, நல்ல நடமாட்டத்தோடு, நீண்ட நாள் வாழ வாய்ப்புள்ளவருக்கு அது யோசிக்கத் தக்கதே. பல எலும்புகளில் நோய் பரவியவருக்காகக் கடன் வாங்க வேண்டாம் என்பேன். “நிச்சயம்” என்ற சொல்லை எந்த முறையைப் பற்றிச் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

கேள்வி: கதிர்வீச்சு முடிந்த மூன்றாம் நாள் அப்பாவுக்கு வலி முன்னைவிட அதிகமாகிவிட்டது. சிகிச்சை தோற்றுவிட்டதாக எடுத்துக்கொள்ள வேண்டுமா? (வாசகர், தஞ்சாவூர்)

இல்லை. முதல் பத்து நாட்களுக்குள், பெரும்பாலும் முதல் சில நாட்களிலேயே, வலி தற்காலிகமாகக் கூடுவது மூன்றில் ஒருவருக்கு நேர்கிறது. ஓரிரு நாளில் தணிந்துவிடும். சிகிச்சை பலிக்காது என்பதற்கான அடையாளமாக இதைக் கொள்ளக் கூடாது. கனடாவில் 2015-இல் வெளியான ஆய்வில், சிகிச்சை நாளிலிருந்து ஐந்து நாட்களுக்கு, நாளொன்றுக்கு டெக்ஸாமெத்தசோன் 8 மில்லிகிராம் கொடுத்தபோது இத்தகைய வலி 35 விழுக்காட்டிலிருந்து 26 விழுக்காடாகக் குறைந்தது. பெரிய குறைவில்லை, இருந்தாலும் சிலருக்கு உதவும். இது ஸ்டீராய்டு. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இரத்தச் சர்க்கரையை வேகமாக ஏற்றிவிடும் என்பதால் மருந்துக் கடையில் கேட்டு வாங்கிப் போடுவதற்கு உரியதன்று. அந்த நாட்களுக்கென்று கூடுதல் வலி மாத்திரை எவ்வளவு எடுக்கலாம் என்பதைச் சிகிச்சைக்கு முன்பே மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்வதே நல்லது.

கேள்வி: நுரையீரல் புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவிய என் மாமாவுக்குப் படுத்திருக்கும்போது வலியே இல்லை. எழுந்து உட்கார்ந்தால் அலறுகிறார். இந்த வலிக்குக் கதிர்வீச்சு கேட்குமா? (வாசகர், நாகர்கோவில்)

நீங்கள் ஒரே வரியில் எழுதிய அந்த விவரம், பல ஸ்கேன் அறிக்கைகளைவிட எனக்குப் பயன்படுகிறது. படுத்தால் விடும், நிமிர்ந்தால் பிடிக்கும் வலி, முதுகெலும்பு உடலின் பாரத்தைத் தாங்க முடியாமல் தடுமாறுகிறது என்பதற்கான அறிகுறி. முதுகெலும்பின் உறுதியை மதிப்பிடுவதற்கு 2010 முதல் ஒரு மதிப்பெண் முறை புழக்கத்தில் உள்ளது. பாதித்த எலும்பு எந்த இடத்தில் இருக்கிறது, வலி அசைவால் வருகிறதா, எலும்பு கரைந்திருக்கிறதா கெட்டிப்பட்டிருக்கிறதா, முதுகின் வளைவு மாறியிருக்கிறதா, எலும்பு எவ்வளவு நொறுங்கியிருக்கிறது, பின்பகுதியும் பாதித்திருக்கிறதா என்ற ஆறையும் பார்த்து 18-க்கு மதிப்பெண் இடுவார்கள். 6 வரை உறுதி, 7 முதல் 12 வரை ஐயம், 13 முதல் 18 வரை உறுதியற்றது. மதிப்பெண் உயர உயர, கதிர்வீச்சால் வலி குறையும் வாய்ப்பு தாழ்கிறது என்று நெதர்லாந்தின் உட்ரெக்ட் மருத்துவர்கள் 2017-இல் எழுதினார்கள். வலி குறைவதை முன்கூட்டியே சொல்ல உதவும் குறிப்புகளில் நடைமுறைக்கு மிகவும் உகந்தது என்று நான் நினைப்பது இதையே. ஏனென்றால் இது “பலிக்காது” என்று கைவிரிக்காமல், வேறு என்ன செய்யலாம் என்று வழியும் காட்டுகிறது. நொறுங்கிய எலும்பில் சிமென்ட் செலுத்துவது, கம்பி வைத்து நிலைநிறுத்துவது, பெல்ட் அணிவது ஆகியவற்றில் எது பொருந்தும் என்று முதுகெலும்பு அறுவை மருத்துவரிடம் கேட்டுவிட்டு, கதிர்வீச்சை அதனோடு சேர்த்துத் திட்டமிட வேண்டும். கதிர்வீச்சு கட்டியை அடக்கும். சரிந்த எலும்பை நிமிர்த்தாது.

கைகால்களின் நீண்ட எலும்புகளுக்கும் இது பொருந்தும். தொடையெலும்பில் நடக்கும்போது மட்டும் வலித்தால், கதிர்வீச்சுக்கு முன்பே எலும்பு மருத்துவர் பார்த்து, முறியும் ஆபத்து உண்டா என்று சொல்ல வேண்டும்.

நரம்பு வழியே கோடு போட்டதுபோல் எரிந்து இறங்கும் வலி இன்னொரு வகை. அதற்கும் கதிர்வீச்சு பலன் தருகிறது. ஆஸ்திரேலியாவை மையமாகக் கொண்டு 272 பேரிடம் நடத்திய ஆய்வில், ஒரு சிட்டிங் பெற்றவர்களில் 53 விழுக்காட்டினருக்கும் ஐந்து சிட்டிங் பெற்றவர்களில் 61 விழுக்காட்டினருக்கும் அது குறைந்தது. அதனால் உடல்நிலை தாங்குமானால் இவ்வகை வலிக்கு மட்டும் நான் ஐந்து சிட்டிங் பக்கம் சாய்வேன்.

உங்கள் மாமாவுக்குக் கால் மரத்துப்போனாலோ, நடை தள்ளாடினாலோ, சிறுநீர் பிரியாமல் அடைத்தாலோ மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம். அது தண்டுவடம் நசுங்குவதன் அறிகுறி. இரவானாலும் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோக வேண்டும். நடக்கும் நிலையில் வருபவருக்கு நடையைக் காப்பாற்ற முடியும். நடை போன பிறகு வருபவருக்கு அதை மீட்பது மிகக் கடினம்.

கேள்வி: இரத்தம் அல்லது சிறுநீர்ப் பரிசோதனை செய்தும், செயற்கை நுண்ணறிவைக் கொண்டும் பலனை முன்பே அறியலாமாமே? (வாசகர், சென்னை)

ஆராய்ச்சி நடக்கிறது, கைக்கு வரவில்லை. எலும்பு கரையும்போது வெளிவரும் சில பொருள்களைச் சிறுநீரில் அளந்து, கதிர்வீச்சால் பலன் பெறாதவர்களிடம் அவை முன்பே அதிகமாக இருந்ததைப் பிரிட்டன் மருத்துவர்கள் 2000-ஆம் ஆண்டில் காட்டினார்கள். எலும்பைக் கரைக்கும் அணுக்களுக்கும் வலிக்கும் உள்ள தொடர்புக்கு அது நல்ல சான்று. ஆனால் சிறிய ஆய்வு அது. வழக்கமான பரிசோதனையாக அது வளரவில்லை. சி.டி. படத்தின் நுண்ணிய சாயல் வேறுபாடுகளை எண்களாக்கிக் கணினியிடம் கொடுத்துக் கணிக்கச் செய்யும் முயற்சிகளும் வந்துள்ளன. ஒரே மருத்துவமனையின் சில பத்து நோயாளிகளைக் கொண்டு பழக்கிய கணினி, அடுத்த மருத்துவமனையின் வேறொரு ஸ்கேன் கருவியின் படத்தைக் கண்டால் தடுமாறுவது இத்துறையில் எல்லோரும் அறிந்த சங்கதி. இதற்காக இப்போது பணம் கட்டிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டியதில்லை.

கேள்வி: தாத்தா மிகவும் தளர்ந்துவிட்டார். சில வாரங்கள்தான் என்று சொல்லிவிட்டார்கள். இந்த நிலையில் அவரை அலைக்கழிக்கலாமா? (வாசகி, சேலம்)

நெதர்லாந்து ஆய்வில் பன்னிரண்டு வாரங்களுக்குள் இறந்துவிட்டவர்களை மட்டும் தனியே பிரித்துப் பார்த்தபோது, அவர்களிலும் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு வலி குறைந்திருந்தது. எனவே ஆயுள் குறைவு என்ற ஒரே காரணத்துக்காக மறுக்க வேண்டியதில்லை. ஆனால் பலன் தெரிய இரண்டு மூன்று வாரங்கள் ஆகும் என்பதால், சில நாட்களே எஞ்சியிருப்பவரை மேசையில் ஏற்றுவதில் பொருளில்லை. அவருக்கு மார்ஃபினைச் சரியான அளவுக்குக் கூட்டுவதே உடனடி ஆறுதல். இடைப்பட்ட நிலையில் உள்ளவருக்கு ஒரு சிட்டிங், அதுவும் படம் எடுப்பதும் கதிர்வீச்சும் ஒரே நாளில் முடியுமாறு கேளுங்கள். தாத்தா என்ன விரும்புகிறார் என்று அவரிடமே கேட்டீர்களா என்பது உங்கள் கடிதத்தில் இல்லை.

கேள்வி: முதல்முறை பலன் கிடைக்கவில்லை. அதே இடத்தில் இன்னொரு முறை கொடுக்கலாமா? (வாசகர், மதுரை)

கொடுக்கலாம், முதல் சிகிச்சை முடிந்து குறைந்தது நான்கு வாரமாவது ஆகியிருக்க வேண்டும். பல நாடுகள் சேர்ந்து நடத்தி 2014-இல் வெளியிட்ட ஆய்வில், மறுமுறை ஒரு சிட்டிங்கில் 8 கிரே பெற்றவர்களில் 28 விழுக்காட்டினருக்கும், பல சிட்டிங்கில் 20 கிரே பெற்றவர்களில் 32 விழுக்காட்டினருக்கும் பலன் கிடைத்தது. இடையில் இறந்தவர்களையும் விவரம் கிடைக்காதவர்களையும் பலன் பெறாதவர்களாகவே வைத்துப் போட்ட கணக்கு இது. மதிப்பிட முடிந்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் ஏறத்தாழப் பாதி. முதல்முறை கேட்காத வலி இரண்டாம்முறை கேட்பதும் உண்டு. தண்டுவடம் முன்பு எவ்வளவு கதிர் வாங்கியிருக்கிறது என்ற கணக்கு மட்டும் கட்டாயம் தேவை என்பதால், பழைய சிகிச்சைச் சுருக்க அட்டையைத் தொலைக்காமல் எடுத்துப் போங்கள்.

கேள்வி: வலி குறைந்ததா இல்லையா என்று வீட்டிலேயே எப்படிக் கணிப்பது? அம்மா எப்போது கேட்டாலும் “பரவாயில்லை” என்கிறார். குறைந்தால் மார்ஃபினை நிறுத்திவிடலாமா? (வாசகர், புதுச்சேரி)

“பரவாயில்லை” என்பதை எந்தக் கணக்கிலும் சேர்க்க முடியாது. வெளிநோயாளிகள் பிரிவிலும் கேள்வி நோயாளியிடம் போகும், பதில் மகனிடமிருந்து வரும். அதனால் நான் முதலில் ஒரு விரலால் இடத்தைத் தொட்டுக் காட்டச் சொல்வேன். பிறகு, வலியே இல்லாததற்கு 0, தாங்கவே முடியாததற்கு 10 என்று வைத்து, இன்று கடுமையாக வலித்தபோது எத்தனை என்று கேட்பேன். நீங்களும் ஒரு நோட்டில் தேதி, கதிர்வீச்சு பெற்ற அந்த ஓர் இடத்துக்கான வலி எண், அன்று போட்ட மாத்திரைகளின் மொத்த மில்லிகிராம் ஆகிய மூன்றையும் சிகிச்சைக்கு முந்தைய வாரத்திலிருந்தே எழுதுங்கள்.

உலக அளவில் மருத்துவர்கள் 2002-இல் ஒத்துக்கொண்டு 2012-இல் திருத்திய அளவுகோல் இதை வைத்தே முடிவு செய்கிறது. அம்மா நாளொன்றுக்கு 60 மில்லிகிராம் மார்ஃபின் எடுத்து வலி 7 என்று சொன்னவர் எனக் கொள்வோம். மாத்திரை கூடாமல் வலி 5 அல்லது அதற்குக் கீழ் இறங்கினால் பலன் உண்டு. வலி 7-லேயே நின்றாலும் மாத்திரை 45-க்கு இறங்கினால், அதாவது கால்பங்கு குறைந்தால், அதுவும் பலன்தான். வலி 4 ஆகி மாத்திரை 90 ஆகியிருந்தால் பெருமை மருந்துக்கு, கதிர்வீச்சுக்கு இல்லை. நான்காம் வாரத்துக்கு முன் தோல்வி என்று தீர்மானிக்க வேண்டாம். வேறோர் இடத்தில் புதிதாக வலித்தால் அதைத் தனிப் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டையும் கலந்து சொல்லி, நன்றாக வேலை செய்த சிகிச்சையைத் தோற்றதாக முடிவு கட்டியவர்கள் உண்டு.

வலி குறைந்தாலும் எலும்பு உடனே உறுதியாகிவிடாது. சுண்ணாம்புச் சத்து மறுபடி படிய இரண்டு மூன்று மாதங்கள் பிடிக்கும். வலி போன தெம்பில் குடம் தூக்குவதையும் மாடிப்படி ஏறுவதையும் அதுவரை மருத்துவரிடம் கேட்டே செய்யட்டும்.

மார்ஃபினைச் சட்டென்று நிறுத்தக் கூடாது. வியர்வை, நடுக்கம், வயிற்றுப்போக்கு என்று உடல் எதிர்ப்புக் காட்டும். வலி குறைந்த பிறகும் பழைய அளவிலேயே தொடர்ந்தால் அரைத்தூக்கமும் குழப்பமும் வரலாம். ஆகவே மருத்துவர் சொல்லும் அளவில், சில நாட்களுக்கு ஒருமுறை படிப்படியாக இறக்க வேண்டும். மலச்சிக்கலுக்குக் கொடுத்த மருந்தை, கடைசி மார்ஃபின் மாத்திரை நிற்கும் வரை நிறுத்த வேண்டாம்.